சாவி இல்லாமல் பாடிய கார்

போன வாரம் மகளுடைய புதுக் காருக்கு ஒரு ஜோடி ஹாரன் மாட்டலாமென்று பானெட்டைத் திறந்தேன். "அப்பா, ஒரு ஒயரைத் தொட்டாலும் வாரண்டி போயிடும்னு சொல்லியிருக்காங்க. மூடுங்க" என்றாள். மூடினேன். பல வருஷம் கார் ஒயர்களோடு குடித்தனம் நடத்தியவனுக்கு இவ்வளவுதான் மரியாதை. ஒயரில் சுற்றக் கையில் வைத்திருந்த இன்சுலேஷன் டேப்பின் பிசுபிசுப்பு விரலில் ஒட்டியிருந்தது. யாரும் பார்க்கவில்லையே என்று உறுதி செய்துகொண்டு, அதை ஒரு முறை முகர்ந்து பார்த்தேன்.

எங்கள் கள்ளிக்குப்பம் கடை முழுக்க அந்த வாசனைதான். நானும் கூட்டாளி டில்லியும் நடத்திய கார் அலங்காரக் கடை அது. சீட் கவர், மேட் எல்லாம் அவன் பொறுப்பு. லைட், ஹாரன், பாட்டு செட் என்று ஒயர் வரும் வேலையெல்லாம் என்னுடையது. ஒயரைப் பல்லால் சீவுகிற கெட்ட பழக்கம் எனக்கு அப்போது வந்ததுதான். முன்பல்லில் ஒரு சின்ன பள்ளம் இன்னும் இருக்கிறது.

ரிலே என்று ஒன்று உண்டு. தீப்பெட்டியைவிடச் சின்னதாக, கறுப்பாக, நாலு காலோடு இருக்கும். பெரிய லைட்டுக்கும், பாட்டுச் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயருக்கும் வேண்டிய கரண்டைச் சின்ன சுவிட்ச் தாங்காது, உருகிவிடும். அதனால் சுவிட்ச் ரிலேக்குச் சொல்லும், ரிலே பேட்டரியிலிருந்து கரண்டை வாங்கிக் கொடுக்கும். அதிகாரி மணி அடித்தால் பியூன் ஓடுவதில்லையா, அதேதான். வேலை செய்யும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். இதில் ஒரே ஒரு விதி. மணி அடிக்கிற அந்த மெல்லிய ஒயரைச் சாவியோடு சேர்க்க வேண்டும். சாவியை எடுத்தால் எல்லாம் அடங்கிவிடும்.

அந்த விதியைத்தான் ஏகாம்பரம் அண்ணனுக்காக மீறினேன். பக்கத்து ஊரான சேக்காட்டுக்காரர். அவருடைய அப்பா செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். இவர் பதினைந்து வருஷம் ஊரார் வண்டியை ஓட்டிவிட்டு, அப்போதுதான் சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். பாட்டு என்றால் உயிர். பிரேக் பிடிப்பதுகூடத் தாளத்தோடுதான். ஒரு ஐடி கம்பெனிக்கு ஆட்களைக் கூட்டிப் போகும் டிராவல்ஸில் அவரை வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரம் பார்ப்பார்கள், நேரத்துக்கு வந்தால் வண்டி நிரந்தரம்.

"அங்க சாவிய செக்யூரிட்டி வாங்கி வெச்சிக்கிறான் நைனா. வண்டிய அவனே தள்ளி நிறுத்துவானாம். ஆளுங்க வர்ற வரைக்கும் நான் இன்னா கொட்டாவி உட்டுகினு கீறதா? சாவி இல்லாம பாடணும்" என்றார்.

"வேணாம் மச்சான்" என்றான் டில்லி. முடியாது என்று சொன்னால் கௌரவம் போய்விடும் என்று நினைக்கிற வயசு எனக்கு. மெல்லிய ஒயரை நேராகப் பேட்டரியிலேயே சேர்த்தேன். சாவியை உருவினோம். பாடியது. அண்ணன் என் கன்னத்தைக் கிள்ளி, "கில்லாடி நைனா நீ" என்றார்.

கில்லாடி யோசிக்காதது ஒன்று இருந்தது. செட்டை அணைத்தால் பாட்டுதான் நிற்கும். பின் சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர் சத்தமே இல்லாமல் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும். அந்த ஒயரைச் செட்டோடு சேர்த்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. சனிக்கிழமை மாட்டினேன். ஞாயிறு முழுக்க வண்டி வாசலில் நின்றது. திங்கள் காலை முதல் சவாரிக்குக் கிளம்பினால் 'களுக்' என்பதோடு சரி. தெருவே சேர்ந்து தள்ளிக் கிளப்பியிருக்கிறது. அவர் போய்ச் சேர்வதற்குள், ஏற வேண்டிய மூன்று பெண்களும் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள். பதினொரு மணிக்கு டிராவல்ஸ் ஆபீசுக்கு வந்து காரணம் சொல்லச் சொல்லிவிட்டார் அங்கிருந்த சூப்பர்வைசர்.

அண்ணன் நேராகக் கடைக்கு வந்தார். "பேட்டரி பூட்ச்சு போல நைனா, இன்னான்னு பாரு." பின் சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். பாட்டு ஓடவில்லை, ஆம்ப்ளிஃபயர் சுட்டது.

"தப்பு என்னுதுண்ணே" என்றேன். டில்லி என்னைத் தனியாக இழுத்தான். "பேட்டரின்னே சொல்லிட்டு வர சொல்லு மச்சான். பேட்டரி பூடாத டிரைவர் எவன் கீறான்? ஒத்துக்குவாங்க."

எனக்கு அன்றைக்கென்று பார்த்து அரிச்சந்திரன் வேஷம். அண்ணனோடு நானும் போய், சூப்பர்வைசர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி, "சார், அண்ணன் மேல தப்பில்ல. சாவி இல்லாம பாட்டு வர்ற மாதிரி நான்தான் ஒயரிங் பண்ணேன்" என்றேன்.

அவர் தெற்கத்திக்காரர், நிதானமானவர். "பொம்பளப் புள்ளைக ஏறுற வண்டி தம்பி. வெளிக்கடை ஒயரிங் இருந்தாலே நாங்க எடுக்கிறதில்ல. பேட்டரியாத்தான் இருக்கும், நாளையிலேருந்து வரச் சொல்லுவோம்னு இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டே பட்டியலில் அண்ணன் பெயர் இருந்த வரியை அடித்துவிட்டார்.

அண்ணன் என்னைக் கடை வாசலில் இறக்கிவிட்டு, "நல்ல புள்ள தான் நீ. கொஞ்சம் வாய மூடிகினு இருந்திருக்கலாம்" என்றார். நாலு கெட்ட வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். உண்மையைச் சொன்னது அவருக்காகவா, என் நெஞ்சு பாரம் இறங்கவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சில மாதங்களில் அவர் காரை விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பல வருஷம் கழித்து எங்கள் கடையும் போனது. இப்போது அந்த இடத்தில் நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள். டில்லி கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். வருகிற கார்களெல்லாம் பாட்டோடும் லைட்டோடுமே பிறக்கின்றன. ஒயரைத் தொட்டால் கம்ப்யூட்டர் கோபித்துக்கொள்கிறது.

கடையை மூடுவதற்கு முந்தின மாதம், பூந்தமல்லி சிக்னலில் என் பைக்குக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. ஸ்டியரிங்கில் ஏகாம்பரம் அண்ணன். முடியெல்லாம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"லாரிய கடைக்கு எடுத்துட்டு வாங்கண்ணே. நல்ல செட்டா ஒண்ணு மாட்டித் தரேன்" என்று கத்தினேன்.

"வேணா நைனா" என்றார். "பாட்டு கேக்கறத உட்டுட்டேன்."