பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்

எங்கள் பக்கம் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தால், முகூர்த்த நேரத்தைப் பார்க்கும் முன்பே எல்லோரும் பார்ப்பது பெண், மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் என்ன போட்டிருக்கிறது என்பதைத்தான். பாலிடெக்னிக் டிப்ளமோவாக இருந்தாலும் விட மாட்டார்கள். ஒரு பேப்பர் பாக்கி வைத்தவர்கள்கூட பி.ஏ.வை அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்வார்கள். எனக்கு அந்த வரி கொஞ்சம் நீண்டுபோனது.

எண்பதுகளின் கடைசியில் பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டோடு இருந்தேன். அப்பாவுக்குக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. அவர் ஜாதகத்தைக் கையில் எடுக்கும் முன், ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருக்கிறார்கள், ஆறே மாதம்தான் என்று சொல்லிப் போய்ச் சேர்ந்துவிட்டேன். மாடியில் ஏ.சி. அறை. கோயில் மாதிரி செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். மெஷின்கள் குறைவு என்பதால் இரண்டு பேருக்கு ஒன்று என்று வைத்திருந்தார்கள். எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பக்கத்தில் உட்கார எந்தப் பையனுக்கும் தைரியம் வரவில்லை. ஆகவே எனக்கு மட்டும் ஒரு முழு மெஷின். அவர்கள் ஒருவன் தட்ட ஒருவன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் ஒண்டியாக உட்கார்ந்து தட்டித் தட்டி அவர்களுக்கு முந்தியே கற்றுக்கொண்டுவிட்டேன். முதல் சர்டிபிகேட் அப்படி வந்தது.

அது போதவில்லை. டிப்ளமோ முடித்தேன். சென்டரிலேயே சொல்லிக்கொடுக்க வைத்துக்கொண்டார்கள். சொல்லிக்கொடுக்கிற நான் அரைகுறையாக இருக்கக் கூடாது என்ற வீம்பில் தபாலில் பி.ஜி.டி.சி.ஏ., அதற்குப் பிறகு எம்.சி.ஏ. என்று போய்க்கொண்டே இருந்தேன். பாடப் புத்தகங்கள் பார்சலில் வரும். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. மதுரையில் நடக்கும் தொடர்பு வகுப்புகளில் எல்லோரும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்திலேயே இருப்பார்கள். 'சி' மொழியில் பாயிண்டர் என்று ஒரு பாடம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. நாள் கணக்காக மண்டையைப் போட்டு உடைத்து, ஒரு சாயங்காலம் ராஜபாளையம் பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது சட்டென்று பிடிபட்டது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. பஸ் முழுக்க மில் ஷிப்ட் முடித்த ஆட்கள், தூங்கி வழிந்துகொண்டு. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "நல்லதும்மா, சாப்பிட வா" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஒவ்வொரு பட்டம் வரும்போதும் தரகர் முகம் சுருங்கியது. "பொண்ணு படிப்புக்கு மேல படிச்ச மாப்பிள்ளையில்லா பாக்கணும்? எங்க போக?" என்பார். எனக்கு முப்பதும் நெருங்கிவிட்டது.

அப்போதுதான் வத்திராயிருப்பிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. தென்னந்தோப்பு உள்ளவர்கள். மாப்பிள்ளை பி.எஸ்ஸி., ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீஸில் வேலை. ரெண்டு வார்த்தை பேசட்டும் என்று எங்களை விட்டார்கள். அவர் கேட்டார்: "எங்க ஆபீஸ்லயும் கம்ப்யூட்டர் வாங்கி வச்சிருக்காக. நீங்க அது முன்னால உக்காந்து என்னதான் செய்வீங்க?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. காபி ஆறி ஆடை கட்டும்வரை சொன்னேன். அவர் நடுவில் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் நல்ல கேள்விகள். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இனி பேச ஆள் உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷங்களில் எங்கள் சென்டரில் கல்யாணப் பத்திரிகைகளும் தமிழில் அடித்துக் கொடுப்போம். பக்கத்துத் தெரு அச்சகத்து அண்ணாச்சி கைப்பிரதியைக் கொண்டுவந்து தருவார். என் பத்திரிகையை நானே அடித்தேன். அவர் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. என் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி., பி.ஜி.டி.சி.ஏ., எம்.சி.ஏ. புரூப் வத்திராயிருப்புக்குப் போய்த் திரும்பி வந்தபோது, என் வரியில் பெயரைத் தவிர மற்றதன் மேல் பென்சில் கோடு.

அப்பா கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு ராஜபாளையத்துக்கே வந்துவிட்டார். "மாப்பிள்ளைக்கு மேல பொண்ணு படிச்சிருக்கான்னு ஊரு சிரிக்குமாம். அம்புட்டுதான். எடுத்துரு."

"மூணையுமா?"

"ஏட்டி, நானும் இம்புட்டு வருசமா பாத்திரத்துல பேரு வெட்டுதேன். ஒருத்தராவது படிப்பையும் சேத்து வெட்டச் சொன்னாகளா? பேரு இருந்தாப் போதாதா?"

சிரிப்பு வரவேண்டிய இடம். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் நம்பிக்கை ஒன்று மிச்சமிருந்தது. கீழே எஸ்.டி.டி. பூத்துக்கு இறங்கிப்போய் அவருடைய ஆபீஸுக்குப் போன் போட்டேன். இது பெரியவர்கள் வேலை, எனக்குத் தெரியாது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானே மேலே போய் மூன்றையும் அழித்திருப்பேன். சத்தியமாக.

"கார்டுலதானே?" என்றார். "அவிய திருப்திக்கு எடுத்துருங்களேன். பொறவு வீட்டுல நீங்க எம்புட்டு வேணாலும் படிச்சுக்கிடுங்க."

குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாடியேறிப்போய், பட்டங்கள் இருந்தபடியே இன்னொரு பிரதி எடுத்து அப்பா கையில் கொடுத்தேன். அந்தக் கல்யாணம் அதோடு நின்றது. அப்பா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அம்மா சாப்பிட மட்டும் கூப்பிட்டாள். தெருவில் எனக்கு "எழுத்தழிக்க மாட்டேன்னவ" என்று பட்டப்பெயர் வந்தது. என் பட்டங்களோடு அதுவும் ஒன்று.

அடுத்த தை மாதம் அண்ணாச்சி கொண்டுவந்த கட்டுக்குள் ஒரு கைப்பிரதி இருந்தது. வத்திராயிருப்பு விலாசம், அந்த மாப்பிள்ளையின் பெயர், பி.எஸ்ஸி. எழுத்துப் பிசகாமல் அடித்தேன். பெண் சோழபுரம். பெயருக்குப் பின்னால் ஒன்றுமில்லை. வெறும் பெயர்.

"பொண்ணு படிக்கலையா அண்ணாச்சி?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ஏன் படிக்காம? உங்க படிப்புதான் டீச்சர், கம்ப்யூட்டர். வேற ஏதோ யுனிவர்சிட்டில தபால்லயே எம்.சி.ஏ. வரைக்கும் படிச்சிருக்காம். அந்தப் புள்ளையே போட வேண்டாம்னு சொல்லிட்டுதாம். நல்ல புள்ள" என்றார்.

கல்யாணம் நின்றபோது நான் அழவில்லை. அன்று அண்ணாச்சி போனபிறகு அழுதேன். அந்த மாப்பிள்ளைக்காக இல்லை. சோழபுரம் ராஜபாளையத்திலிருந்து எட்டிப்பார்க்கிற தூரம். அங்கே ஒருத்தி பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு அதே பாயிண்டரோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். பிடிபட்ட அன்று அவளும் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நின்றிருப்பாள். இத்தனை வருஷமும் எனக்குப் பேச ஓர் ஆள் இருந்திருக்கிறாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் பெயரை வரியின் நடுவில் கொண்டுவந்து வைத்து, பிரிண்ட் கொடுத்தேன்.