தானாக விழும் பழம்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மண் சலித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக் கொல்லையில், கொய்யா மரத்தடியில். சல்லடையின் ஒரு பக்கத்தை அவர் பிடித்துக்கொண்டார், மறுபக்கத்தை அவள். கல்லும் வேர்த்துண்டும் மேலே நிற்க, மாவு போல மண் கீழே இறங்கியது. அதை மரத்தைச் சுற்றி நாலு விரல் உயரத்துக்குப் பரப்பினார். பரப்பிவிட்டு, விருந்தாளிக்குப் படுக்கை போடுகிறவர் மாதிரி உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார்.

“இந்த மெத்தையை எனக்குப் போட்டிருந்தா என் இடுப்பாவது நேராகியிருக்கும்,” என்றாள் அம்மா, சமையலறை ஜன்னலிலிருந்து.

“நீ மரத்துலேருந்து விழு, போடறேன்.”

மெத்தைக்குக் காரணம் இருந்தது. கொய்யாவைக் கையால் பறிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. பறித்து வைத்த காய் மஞ்சளாகும், மணக்கும், மெத்தென்று ஆகும். இனிப்பு மட்டும் பறித்த அன்று எங்கே இருந்ததோ அங்கேயே நின்றுவிடும். காம்பு தானாக விடுகிற நாள்தான் பழத்தின் நாள். ஆனால் தானாக விழும் பழம் கட்டாந்தரையில் பட்டால் நசுங்கும். அதற்குத்தான் சலித்த மண்.

முப்பத்தோரு வருடம் பேட்டரிக் கடை வைத்திருந்தவர். கடை வீட்டு முன்னறையில், வேலை கொல்லையில். செத்த பேட்டரியை உடைத்து, ஆசிட்டைக் கவிழ்த்து, தகடுகளைக் குழாயடியில் கழுவி, தேறுவது தேறாதது என்று பிரிப்பார். தெருவில் அவருக்குப் பெயரே கிடையாது. பேட்டரிக்காரர், அவ்வளவுதான். கை நடுங்க ஆரம்பித்த வருடம் கடையை மூடினார். புல்கூட முளைக்காத அந்த இடத்தைக் கொத்தி, சுண்ணாம்பும் எருவும் போட்டு ஆற வைத்து, ஒரு கொய்யாக் கன்று நட்டார்.

அதன் பிறகு மனுஷனுக்கு வேறு நினைப்பில்லை. மழைக்காலத்துப் பூவை எல்லாம் உதிர்த்துவிடுவார். அந்தக் காய்ப்பு தண்ணீர் குடித்துச் சப்பென்று இருக்கும். குளிர்காலக் காய்ப்பு மட்டும் போதும். பழுக்கிற மாதத்தில் தண்ணீரைப் பாதியாக்குவார். பின்சுவருக்கு வெள்ளையடித்து வெயிலைக் கிளைகளின் பக்கம் திருப்பிவிட்டார். சுவரோரக் கிளையின் பழம் மற்றதைவிட ஒரு படி அதிகம் இனித்தது. ஒருமுறை இனிப்பை அளக்கப் பழச்சாற்றைப் பிழிந்து, பேட்டரி ஆசிட்டின் அடர்த்தி பார்க்கிற கண்ணாடி மிதவையை அதில் விட்டுப் பார்த்தார். மிதவை அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

“சார்ஜ் சுத்தமா இறங்கிடுச்சுப்பா. பழைய இரும்புக்குப் போட்டுடுங்க,” என்றாள் மகள்.

“பெரிய லேப்புக்காரி! உன்னைப் படிக்க வச்சதுக்கு இந்தப் பேச்சுதான் மிச்சம்.”

விழுந்த பழம் தெருவுக்குச் சொந்தம். கொல்லைக் கதவைச் சாத்தவே மாட்டார். பிள்ளைகள் வந்து மண்ணிலிருந்து எடுத்து, சட்டையில் துடைத்து, அங்கேயே கடிப்பார்கள். “கழுவாதே, மணம் போயிடும்,” என்பார். அதிகம் வந்தவள் அடுத்த வீட்டுத் தையல்காரரின் பெண். நாலு வயது. அந்த மண்ணில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். அள்ளுவாள், கொட்டுவாள், விரலைச் சப்புவாள். பேச்சு இன்னும் வரவில்லை. “சேர்த்து வச்சிருக்காண்ணே. ஒருநாள் மொத்தமா அவுத்து விடுவா பாருங்க,” என்பார் தையல்காரர். எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்த ஞாயிறு, சலித்த மண்ணில் ஒரு பிடியைப் பையில் போட்டு அப்பா மகளிடம் நீட்டினார். “இந்த வருஷம் இனிப்புல ஏதோ ஒண்ணு குறையுது பாப்பா. பொட்டாஷ் உரம் பத்தலையோ என்னவோ. பார்த்துச் சொல்லு.”

அவளுக்கு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பதினாலு வருடமாக ஊரார் மண்ணையெல்லாம் பார்த்தவளுக்கு, சொந்த வீட்டு மண்ணைப் பார்க்க ஒருமுறையும் தோன்றியதில்லை. இயந்திரம் கேட்டதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பொட்டாஷ் போதுமான அளவு. ஆறு வரி கீழே, பேட்டரித் தகட்டின் ஈயம். பிள்ளைகள் புழங்கும் இடத்துக்குப் பரிசோதனைக் கூடம் வைத்திருந்த எல்லையைப் போல ஏழு மடங்கு.

மறுபடி பார்த்தாள். வேறு மூலையிலிருந்து மண் எடுத்துவந்து பார்த்தாள். பழத்தை அரைத்தும் பார்த்தாள். சதையில் சொல்லும்படி ஒன்றுமில்லை. தோலைக் கழுவிய தண்ணீரில் இருந்தது. எல்லாம் முடியப் பதினோரு நாள். உறுதி செய்யாமல் சொல்லக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தப் பதினோரு நாளும் கொல்லையில் பழம் விழுந்துகொண்டுதான் இருந்தது.

அவள் சொன்னபோது அப்பா ஒரு பழத்தைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஈயம் இருந்தா கசக்காதா?”

“நாக்குக்குத் தெரியாதுப்பா.”

“நான் முப்பது வருஷம் அதுலயே கிடந்தேன். எனக்கு என்ன வந்துடுச்சு?”

பழம் பிடித்திருந்த கை நடுங்கியது. அவள் அதைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

“நீயும் இந்தக் கொல்லையிலதானே தவழ்ந்தே,” என்றார்.

“ஆமாப்பா.”

பழத்தோலில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் துடைத்தார். பிறகு கேட்டார்: “நான் மண்ணைச் சலிக்காம விட்டிருந்தா?”

“பழம் நசுங்கியிருக்கும். யாரும் எடுத்திருக்க மாட்டாங்க. இவ்வளவு தூசியும் இருந்திருக்காது.”

கேட்ட கேள்விக்குச் சரியான பதில். லேப்பில் என்றால் பாராட்டியிருப்பார்கள். அப்பா கையிலிருந்த பாதிப் பழத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் கொய்யா தின்று யாரும் பார்க்கவில்லை.

அன்றைக்கே மரத்தடி முழுக்கத் தார்ப்பாய் விரித்து, ஓரமெல்லாம் செங்கல் வைத்தார். கொல்லைக் கதவுக்குப் பூட்டு வந்தது. ஒரு தாளில் வீடுகளை எழுதினார். பதினைந்து வீடு. மறுநாளிலிருந்து சட்டை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கதவாகப் போய்த் தட்டினார். எல்லா இடத்திலும் ஒரே பேச்சு: “நான் குடுத்த பழத்துல, எங்க கொல்லை மண்ணுல, ஈயம் இருக்காம். பிள்ளைங்களுக்கு ரத்தம் எடுத்துப் பாருங்க. என்னை எவ்வளவு வேணா திட்டுங்க, ரத்தத்தை மட்டும் பார்த்துடுங்க.”

திட்டினார்கள். “பழம் குடுத்த கையால இப்ப ஊசியும் குத்தச் சொல்றீங்களா?” என்று லாரி டிரைவரின் மனைவி முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். கோடிவீட்டுக் கிழவர் மட்டும், “ஈயம் வந்து சேர்றதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன். பழம் இருந்தா குடுத்துட்டுப் போ,” என்றார். அப்பா சிரிக்கவில்லை.

எல்லா வீட்டிலும் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: “தையல்காரன்கிட்ட யாரும் சொல்லிடாதீங்க. அவன்கிட்ட நான்தான் சொல்லணும்.”

“பக்கத்து வீட்டை விட்டுட்டு ஊரைச் சுத்துறீங்களே,” என்றாள் அம்மா.

“அது கடைசியா.”

“நான் சொல்றேன்பா,” என்றாள் மகள். “இதெல்லாம் எனக்குத்தான் விவரமாத் தெரியும்.”

“தகட்டை நீயா கழுவினே? நான் கழுவினேன். நான் சொல்றேன்.”

நடுவில் ஒருநாள் அந்தக் குழந்தை பூட்டிய கதவுக்கு வெளியே வந்து நின்றது. அவர் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் வாசலில் விட்டு, “எறும்பு மருந்து போட்டிருக்கேன், இந்தப் பக்கம் விடாதே,” என்று தையல்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. வாய் வரவில்லை.

நாலு நாளில் பதினாலு வீடு முடிந்தது. ஐந்தாம் நாள் காலை முகம் மழித்து, தலை வாரி, வாசல்படியில் செருப்பு மாட்ட உட்கார்ந்தார். “இன்னைக்குப் போயிடறேன்,” என்றார் அம்மாவிடம். உட்கார்ந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். அம்மா போட்ட சத்தத்துக்கு முதலில் ஓடிவந்தவர் தையல்காரர். கழுத்தில் அளவு டேப்போடு அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை ஓடினார். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். மகளைவிட அதிகமாக அழுதவர் அவர்தான்.

அடக்கத்துக்குத் தெருவே வந்தது. பதினாலு வீடும் தையல்காரரைப் பார்த்தது, பிறகு தரையைப் பார்த்தது. செத்தவர் கேட்டுக்கொண்டதை ஒருவரும் மீறவில்லை.

மறுநாள் காலை மகள் மேசையிலிருந்த தாளை எடுத்தாள். பதினாலு வரி கோடு போட்டு அடித்திருந்தது. அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க போறே?”

“பக்கத்து வீட்டுக்கு.”

“வேணாம். பெத்த பிள்ளை மாதிரி தூக்கிட்டு ஓடினான். அவன்கிட்டப் போய், அவன் பிள்ளைக்கு உங்கப்பா என்ன பண்ணாருன்னு சொல்லப் போறியா? அவன் ஒருத்தன் மனசுலயாவது நல்லவரா இருந்துட்டுப் போகட்டும்டி. அவருக்கு வேற என்ன மிச்சம்?”

“அந்தப் பிள்ளை மிச்சம்மா.”

“இதனாலதான் பேச்சு வரலைன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது. மண்ணைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. ரத்தத்தைப் பார்த்தாத்தான் தெரியும்.”

அம்மா கையை விட்டாள். விட்டாளா, வலுவில்லாமல் விழுந்ததா, மகளுக்குத் தெரியவில்லை.

இரண்டு வாசலுக்கும் நடுவே பதினோரு அடி. தையல்காரர் முன்னறையில் மிஷினில் வேலையாக இருந்தார், அவர் மனைவி உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள். காலடியில் துணி வெட்டுத் துண்டுகளுக்கு நடுவே குழந்தை உட்கார்ந்து நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் அவர் பெஞ்சைத் துடைத்து இழுத்துப் போட்டார்.

“உட்காரும்மா. சாப்பிட்டியா?” என்றார். மறுபடி மிஷினில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “ஒண்ணு மனசுல கிடந்து அறுக்குது. அண்ணன் நாலு நாளா எல்லார் வீட்டுக்கும் போய் உட்கார்ந்து பேசிட்டு வந்தாராமே. போற நேரம் தெரிஞ்சு சொல்லிக்கிட்டுப் போயிருக்காரு. எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் வரலை? நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?”

“இல்லண்ணே,” என்றாள் அவள். “உங்க வீட்டுக்கு வரத்தான் செருப்பு மாட்ட உட்கார்ந்தாரு.”

அவர் கையால் சக்கரத்தைப் பிடித்துத் தையல் மிஷினை நிறுத்தினார்.

“உள்ள இருக்கிற அண்ணியையும் கூப்பிடுங்க,” என்றாள்.