மூன்றாவது பலூன்

போன வருஷம் ஆடிக் கடைசியில், ஐயம்பேட்டை வளைவில் நாய் ஒன்று குறுக்கே ஓட, என் கணவர் வண்டியோடு விழுந்தார். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வலது மணிக்கட்டில்தான் எலும்பு முறிந்திருந்தது. முழங்கை வரை மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்றார்கள்.

அவருக்குப் பட்டுக்கடையில் சேல்ஸ்மேன் வேலை. பத்து நாள் கழித்து முதலாளி போன் செய்தார். ஆவணி முகூர்த்தக் கூட்டம் வரத் தொடங்கிவிட்டது, புடவை விரிக்க முடியாவிட்டாலும் வாசலில் நின்று வருகிறவர்களை அழைத்து உட்கார வைத்தால் போதும் என்றார். வீட்டில் சலித்துப்போயிருந்தவர் உடனே சரி என்றுவிட்டார். பிறகுதான் தாடையைத் தடவிப் பார்த்தார். அந்தக் கடையில் தினமும் மழித்த முகத்தோடு வரவேண்டும் என்பது கண்டிப்பு. எட்டரைக்கு அவர் கிளம்ப வேண்டும். எங்கள் தெருமுனை சலூனோ ஒன்பதுக்குத்தான் திறக்கும். ராத்திரி அவர் கடை முடிந்து வருவதற்குள் மூடியும்விடும்.

அவரிடம் இருந்தது ஐந்து பிளேடு ரேசர். செல்போனில் பாட்டுக்கு நடுவே வந்துகொண்டேயிருந்த விளம்பரத்தைப் பார்த்து வாங்கியது. அதில் ஒருவன் கன்னத்தில் ஒரே இழுப்பு இழுப்பான். நுரை மொத்தமும் போய்விடும். ஒரு பெண் வந்து தடவிப் பார்த்துச் சிரிப்பாள். அதை வாங்கியதிலிருந்து இவர் கழுத்தில் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளங்கள். ரேசரைக் குறை சொல்லமாட்டார். தன் தோல்தான் சரியில்லை என்பார்.

இடது கையால் மழிக்கப் பார்த்துக் காதோரம் வெட்டிக்கொண்டார். நான் வாங்கி இழுத்தேன். பத்து நாள் முடி பிளேடுகளுக்கு நடுவே அடைத்துக்கொண்டு நகரவே இல்லை. அழுத்தினேன். மோவாயில் ரத்தம் வந்தது. அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

சாயங்காலம் நானே சலூனுக்குப் போனேன். பொம்பளை வாசலில் நிற்பதைப் பார்த்ததும் உள்ளே பேச்சு நின்றது. சலூன்காரர் என்னைவிடச் சின்னவர், தெருவில் பார்த்தால் அக்கா என்பவர். காலையில் சீக்கிரம் வரமுடியாது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடவேண்டும் என்று வருத்தப்பட்டார். பிறகு, நான் புடவை முந்தானைக்குக் குச்சு கட்டுகிறவள் என்பது நினைவுக்கு வந்தாற்போல என் விரல்களைப் பார்த்தார்.

"நீங்களே செய்யலாம்க்கா. ஒத்த பிளேடு போதும். அஞ்சு பிளேடு முடிய தோலுக்குக் கீழ போய் வெட்டுது. அது உள்ளயே சுருண்டு வளந்துகினு கொப்புளம் ஆவுது."

நாற்காலியில் இருந்தவரை மழித்துக்கொண்டே காட்டினார். கத்தி பிடித்த கையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பார்வையை மற்றக் கைக்குத் திருப்பினார். அதுதான் தோலை இழுத்துப் பிடித்திருந்தது. முடி போகும் பக்கமே போகவேண்டும், எதிரே இழுக்கக் கூடாது என்றார். தன் அப்பாவின் மடக்குக் கத்தியையும் எடுத்துக் காட்டினார். தோல்வாரில் தீட்டித் தீட்டி அலகு ஒடுங்கிப்போயிருந்தது. அது எனக்கு வேண்டாம் என்று, அதே மாதிரி மடங்கும், ஆனால் பாதி பிளேடு மாட்டுகிற கத்தி ஒன்றைக் கொடுத்தார். தினமும் பிளேடை மாற்றச் சொன்னார். கிளம்பும்போது, "மொதல்ல பலூன்ல பழகுங்க. நானும் அப்டித்தான் பழகனேன்," என்றார்.

மூன்று பலூன் வாங்கினேன். ஊதி, சோப்பு நுரை பூசி, மடியில் வைத்துக்கொண்டு வழித்தேன். அவர் எதிரே உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பலூன் கத்தி பட்டதுமே வெடித்தது. இரண்டாவது பாதி வரை வந்து வெடித்தது. இரண்டு தடவையும் அவர் கண்ணை மூடினார்.

"மூணாவதும் வெடிச்சா நான் தாடியோடயே போறேன்மா," என்றார்.

குச்சு கட்டும்போது நூலை இழுத்தால் அறுந்துவிடும். விரல் இருப்பதே தெரியாமல் பிடிக்கவேண்டும். மூன்றாவதை அப்படிப் பிடித்துப் பார்த்தேன். நுரை முழுக்க வந்துவிட்டது. பலூன் பளபளவென்று முழுசாக இருந்தது.

மறுநாள் காலை பின்கட்டில் வெளிச்சம் பார்த்து நாற்காலி போட்டேன். முதலில் கத்தரிக்கோலால் தாடியைக் குறைத்து, வெந்நீர்த் துண்டை வைத்தேன். கன்னத்தில் சுலபமாகப் போயிற்று. தொண்டைக்கு வந்ததும் எனக்குத்தான் பயமாயிற்று. கையை எடுத்துவிட்டேன்.

"இன்னாத்துக்கு நிறுத்திட்ட?"

"முழுங்காதீங்க. பயமா இருக்குது."

"நான்தான பயப்படணும். நீ செய்யி," என்று தலையை நன்றாகப் பின்னால் சாய்த்துக் கழுத்தைக் கொடுத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் என்னை இவ்வளவு நம்பி நான் பார்த்ததில்லை. ஒரு துளி ரத்தம் இல்லாமல் முடித்தேன். நாற்பது நிமிஷம் ஆயிற்று.

போகப் போகப் பதினைந்து நிமிஷத்துக்கு வந்தேன். மூன்றாவது வாரம் கழுத்தைப் பார்த்தால் கொப்புளங்கள் அடங்கியிருந்தன. கடையில் எந்த சலூன் என்று கேட்டார்களாம். இவர் சொல்லவில்லை.

கட்டைப் பிரித்து எத்தனையோ மாதமாகிறது. இப்போது அவரே ஒற்றை பிளேடு ரேசரில் மழித்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாற்காலியைத் தூக்கிப் பின்கட்டில் போட்டுவிட்டு என்னைப் பார்ப்பார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வெந்நீரோடு போவேன்.

போன மாதம் தென்னேரியிலிருந்து அவர் அண்ணன் வந்திருந்தபோதும் அப்படித்தான். பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் தன் தாடையைத் தடவிக்கொண்டு, அடுத்து தான் உட்காரலாமா என்று கேட்டார்.

"தெருமுனை சலூன் தொறந்துதான் இருக்குது மாமா," என்றேன்.

முகமெல்லாம் நுரையோடு இவர் சிரித்துவிட்டார். கத்தியை விலக்கிப் பிடித்துக்கொண்டு, சிரித்து முடிக்கும்வரை நின்றேன்.