தமக்கையார் நட்ட கிளுவை வேலி

அலைகடலின் அருகே வெறுந்தரையில் பள்ளிகொண்டு அடியவர்க்கு அருளும் பெருமானின் திருவடிகளைத் தலைமேற்கொண்டு எழுதத் தொடங்குகிறேன்.

ஆவணித் திங்கள் வளர்பிறைத் துவாதசியும் திருவோணமும் கூடிய இந்நன்னாளில், என் தமக்கையார் திருநாடு எய்தி ஓராண்டு நிறைவுறுகிறது.

செங்கல்பட்டுக்கு மேற்கே, ஏரிப் பாசனத்தை நம்பிய உழவர் குடியில் எனக்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகப் பிறந்தவர் அவர். மணமாகிப் புதுப்பட்டினம் வந்தார். அத்தான் லாரி ஓட்டியவர். மகனுக்கு ஆறு வயதாகும்போது காலமானார். அதன்பின் தமக்கையார் இட்லிக் கடை வைத்தார். அணுமின் நிலையத்துக்கு வேலைக்குச் செல்வோர் பலர் அவர் கையால் உண்டே பேருந்து ஏறினர். மகன் பொறியியல் படித்துக் கேளம்பாக்கத்தில் குடியேறினார்.

முழங்கால் வலியால் கடையை மூடிய ஆண்டில் மகன் அழைக்க வந்தார். தமக்கையாரோ வீட்டைச் சுற்றி உயிர்வேலி நட்டுத் தோட்டம் போடப்போவதாகச் சொன்னார்.

“வெறும் மணலு, உப்புக் காத்து. போன வாட்டி வச்ச கத்திரி ஒரு வாரத்துல கருகிப்போச்சே. இதுல இன்னாமா மொளைக்கும்?”

“அது ஏன் கருகிச்சின்னு நீ பாத்தியா? நானும் பாக்கல. பாக்கணும்.”

“தை வரைக்கும் பாரு. ஒண்ணும் வரலன்னா ஃப்ளாட்டுக்கு வந்துடணும்.”

“வரேன்” என்றார் தமக்கையார். சொன்ன சொல் தவறாதவர் என்பதால் எனக்கு அச்சமாக இருந்தது. ஆனாலும் அவர் தனியே இருப்பதைவிட மகனோடு இருப்பதே நன்று என்று நானும் உள்ளூர எண்ணியிருந்தேன். இன்று அதை மறைக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை ஊரப்பாக்கத்தில் உள்ள என் வீட்டிலிருந்து நான் சென்றபோது, அவர் பக்கத்து வீட்டு மதிலருகே நின்று கோலமாவைப் பிடிபிடியாகக் காற்றில் வீசிக்கொண்டிருந்தார்.

“இன்னாக்கா இது?”

“காத்து எங்க போவுதுன்னு பாக்கறேன்டா வாத்தியாரே. மதிலைத் தாண்டி வந்து இங்கயே சுழிச்சி வுழுது பாரு. அதான் செடிய அடிக்குது. வேலியா இருந்தா பூந்து பூந்து வரும், வேகம் கொறையும்.”

நாற்பது ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்திய எனக்கு அதுவரை தோன்றாத செய்தி அது.

புரட்டாசியில் எங்கள் ஊரிலிருந்து கிளுவைக் குச்சிகள் வந்தன. ஒரு முனை நேராகவும் மறுமுனை சாய்வாகவும் வெட்டப்பட்டிருந்தன. கடற்பக்கத்து வரிசையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சாய்ந்த முனை மேலே இருந்தால் மழைநீர் தங்காது வழியும் என்று நானாக முடிவுசெய்து, பாசுரங்களை முணுமுணுத்தபடி வரிசை முழுவதையும் நட்டு முடித்தேன்.

இருபது நாளில் தமக்கையார் நட்ட மூன்று பக்கங்களும் துளிர்த்தன. என் வரிசை மட்டும் வெறுங்குச்சியாக நின்றது. காற்றைத் தடுக்க வேண்டிய வரிசையே அதுதான். அவர் ஒரு குச்சியைப் பிடுங்கிக் கணுக்களை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

“டேய், சாய்ச்சி வெட்டனது மண்ணுல எறங்கறதுக்குடா. எல்லாத்தையும் தலைகீழா நட்டு வச்சிகீற.”

“அக்கா, உன் தைக்கே நான் உலை வச்சிட்டேனே.”

“உலை இருக்கட்டும். இதுல நாலு அப்படியே இருக்கட்டும், இன்னா ஆவுதுன்னு பாக்கலாம். ஊருக்குப் போயி வேற குச்சி எடுத்துனு வரலாம் வா.”

வலிக்கும் காலோடு பேருந்து ஏறினார். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் புதிய வரிசை நடப்பட்டது. இம்முறை ஒவ்வொரு குச்சியையும் அவரிடம் காட்டிய பிறகே ஊன்றினேன். விட்டுவைத்த நான்கில் மூன்று காய்ந்தன. நான்காவது, துளிரைக் கீழ்நோக்கி விட்டுப் பின் வளைத்து மேலே திருப்பியது. தமக்கையார் தெருவில் போவோரையெல்லாம் அழைத்து அதைக் காட்டினார்.

வேலி இடுப்பளவு எழாவிட்டாலும் அதன் நிழலில் கீரையும் கொத்தவரையும் நின்றன. பொங்கலன்று மகன் கொத்தவரைப் பொரியலை இருமுறை கேட்டு வாங்கி உண்டார்.

“எப்பப்பா கெளம்பணும்?” என்று தமக்கையாரே கேட்டார்.

“சப்போட்டா வச்சிருக்கியே, அது காய்க்கட்டும்மா.”

சப்போட்டா மூன்றாம் ஆண்டு காய்த்தது. அப்போது மகன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சென்ற ஆண்டு தமக்கையாரின் நெஞ்சு தளர்ந்தது. இனி செய்வதற்கில்லை என்று மருத்துவர் சொன்னதும், மருத்துவமனைக்கு அருகில் இருக்கும் கேளம்பாக்கத்துக்கே கொண்டுபோகலாம் என்றனர் உறவினர். மகன் தாயின் கையைப் பற்றி, “நம்ம வூட்டுக்குப் போலாம்மா” என்று சொல்லி, ஓட்டுநரைப் புதுப்பட்டினம் போகச் சொன்னார். ஐந்தாம் நாள் காலை, தம் வீட்டிலேயே தமக்கையார் இறைவனடி சேர்ந்தார்.

அந்நாட்களில் உடனிருந்த அண்டை வீட்டாருக்கும், செவிலியருக்கும், கிளுவைக் குச்சி தந்த எங்கள் ஊராருக்கும் குடும்பத்தார் சார்பில் நன்றி உரித்தாகுக. இந்நினைவு மலரைக் கையில் ஏந்திப் படிக்கும் அனைவர் இல்லத்திலும் பசுமை தழைக்கவும், விரும்பிய இடத்தில் விரும்பியவரோடு வாழும் பேறு வாய்க்கவும் திருமால் அருள்புரிவாராக.