கனடாவில் செய்த சைக்கிள்

ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட் நிலக்கீழ் ரயில் நிலையத்தின் சைக்கிள் நிறுத்துமிடத்தில் குலசேகரம் குந்தியிருக்கிறார். உடம்பில் பேருந்துச் சாரதியின் சீருடை. யாரோ ஒருவருடைய நீலச் சைக்கிளின் முன்சில்லுக்கு மேலே, கவடு பிரியும் இடத்தைப் பெருவிரலால் தடவுகிறார். பிறகு அடுத்த சைக்கிள். சொந்தக்காரி வந்து நின்று என்ன செய்கிறீர்கள் என்று அதட்டினால், "நல்ல சைக்கிள்" என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிக்கொண்டு எழும்பிவிடுவார். ஓய்வு நேரத்தில் மற்றச் சாரதிகள் கோப்பி குடிக்கப் போவார்கள். இவர் இங்கே வருவார். "உமக்கென்ன விசரே?" என்று தமிழ்ச் சாரதி ஒருவர் கேட்டதற்கு, "சும்மா பாக்கிறனான்" என்றார்.

அறுபதைத் தாண்டிய மனிதர். குளிர்காலத்தில் கையுறைகளைச் சட்டைக்குள் செருகிச் சூடாக்கிக்கொள்வார். பயணிகளோடு நோர்வேஜியன், பேருந்தோடு தமிழ். ஏற்றத்தில் "ஏறு மோனை, ஏறு" என்பார். இறக்கத்திலும் முன்பு ஏதாவது சொல்வார், இப்போது சொல்வதில்லை. சைக்கிள்காரர் எவராவது முன்னால் போனால் முந்தமாட்டார், பின்னாலேயே ஊர்ந்து போவார். பேருந்து பிந்துகிறது என்று அலுவலகத்தில் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். தலையாட்டிக் கேட்டுவிட்டு வந்து, மறுநாளும் ஊர்ந்தார்.

அவருடைய ஒரே மகன் அனுஷன் சைக்கிளில் போகும்போது இறந்தவன்.

அந்தச் சைக்கிள் கனடாவில் செய்தது. இரண்டாம் உலகப் போரில் நோர்வே ஜேர்மன் படையிடம் விழுந்தபோது தப்பிப்போன விமானப்படையினர் ரொறன்ரோ ஏரிக்கரையில் முகாம் போட்டுப் பயிற்சி எடுத்தார்கள். அங்கே இயந்திரம் திருத்திய ஒருவர் சைக்கிளை வாங்கி ஓட்டி, போர் முடிந்ததும் கப்பலில் ஒஸ்லோவுக்குக் கொண்டுவந்தார். அவருடைய மகள் ஹன்னா, குலசேகரம் குடியிருக்கும் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். எண்பதைக் கடந்த மூதாட்டி. அனுஷன் அவருடைய குப்பைப் பைகளைக் கொண்டுபோய்ப் போடுவான், கைபேசியைச் சரிசெய்து கொடுப்பான். நிலவறையில் தூசி பிடித்துக் கிடந்த சைக்கிளை ஹன்னா அவனுக்குப் பரிசாகக் கொடுத்தார்.

அவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. சாப்பாட்டு மேசையிலும் அதே கதை. "அப்பா, முன் பல்சக்கரத்தைப் பாருங்கோ. கொம்பனியின்ரை மூண்டு எழுத்தையும் இரும்பிலையே வெட்டியிருக்கிறாங்கள். ஸ்கிக்கெலி கூல்ட், சோக்கான சாமான்! மினுக்கம் ஒண்டும் இல்லை. குரோம் எல்லாம் சண்டைக்குப் போயிட்டுது. அதுதான் ஹாண்டிலுக்கும் கறுப்புப் பெயின்ற்." பல சைக்கிள் கொம்பனிகள் ஒன்றாகி உருவான தொழிற்சாலை அது என்றான். குழாய்களை மூட்டுக்குள் செருகிப் பித்தளை உருக்கி ஒட்டினார்களாம். சைக்கிளோடு ஐஸ் தரையில் சறுக்கும் சப்பாத்தும் செய்தார்களாம். எண்பதுகளின் தொடக்கத்தில் மூடிவிட்டார்கள் என்று அவன் சொன்னபோதுதான் குலசேகரம் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கினார். "கலவரத்திலை நாங்கள் ஊரைவிட்டுக் கலைபட்ட நேரத்திலைதான் அவங்களும் இழுத்து மூடியிருக்கிறாங்கள்."

ஒக்டோபர் முடிவில், முதல் உறைபனி விழுந்த ஒரு காலையில், வேலைக்குப் போகும் வழியில் பெரிய இறக்கத்தில் முன்கவடு முறிந்து சில்லு தனியே ஓடியது. தலைக்கவசம் போட்டிருந்தான். கழுத்து முறிந்துவிட்டது. பழைய சைக்கிள், வழுக்கும் வீதி என்று சொல்லிப் பொலிஸார் விசாரணையை முடித்துக்கொண்டார்கள். இரண்டு துண்டாகத் திரும்பி வந்ததைக் குலசேகரம் நிலவறையில் வைத்துப் பூட்டினார்.

"அந்தச் சனியனைக் கொண்டுபோய் எறியுங்கோ" என்று மனைவி விமலாதேவி கத்தினார்.

"பொறும். செய்தவன் ஆரெண்டு எனக்குத் தெரியவேணும்."

மகன் விட்ட இடத்திலிருந்து தகப்பன் தொடங்கினார். அந்தத் தொழிற்சாலையின் பழைய படங்களைத் தேடித் தேடிப் பார்த்தார். வரிசையாக நிற்கும் தொழிலாளர்களுக்குள் ஒருவனைப் பிடித்துவைத்திருந்தார்: வாயில் சிகரெட், கண் கடிகாரத்தில், வீட்டுக்குப் போகிற அவசரத்தில் அரைகுறையாக ஒட்டியவன். அவனோடு மனதுக்குள் கதைப்பார். சிலநேரம் ஏசுவார்.

ரொறன்ரோவில் இருக்கும் விமலாதேவியின் தம்பி அருட்செல்வம், பழைய சைக்கிள்கள் சேர்க்கும் ஒருவரைப் பிடித்து, முறிந்த இடத்தின் படங்களைக் காட்டினான். பிறகு தொலைபேசியில் அழைத்தான்.

"அத்தான், இது ஃபக்டரி வேலை இல்லையாம். பெயின்றுக்குக் கீழை பெரிய வெல்டிங் கட்டி இருக்கு, பாத்தனீங்களே? ஒருக்கா முறிஞ்சதை ஆரோ பிறகு ஒட்டியிருக்கினம். அந்த ஒட்டுத்தான் விட்டிருக்கு. கனடாவிலை செய்தவை சரியாய்த்தான் செய்திருக்கினம்."

சிகரெட்காரன் அன்றைக்கே மனதைவிட்டுப் போய்விட்டான். அவனுக்குப் பதிலாகக் கோபிக்க ஒருவருமில்லாமல் குலசேகரம் பல நாள் வெறுமனே இருந்தார். அதன்பிறகுதான் கண்ட கண்ட சைக்கிளையெல்லாம் குனிந்து பார்க்கும் பழக்கம் தொடங்கியது, எதிலாவது அப்படியொரு கட்டி இருக்கிறதா என்று.

விமலாதேவிக்குச் சந்தேகமே இருக்கவில்லை. "வேறை ஆர்? அந்த மனிசியின்ரை தேப்பன்தான். அவ தெரிஞ்சுகொண்டோ என்ரை பிள்ளைக்குக் குடுத்தவ எண்டு போய்க் கேளுங்கோ. கேட்டுப்போட்டு எனக்கு வந்து சொல்லுங்கோ."

சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் குலசேகரம் அந்தக் கேள்வியை நோர்வேஜிய மொழியில் கட்டிப் பார்த்தார். கூரான வார்த்தைகள் தேடினார். கிடைத்தன. ஆனால் ஹன்னாவின் கதவைத் தட்டக் கை போகவில்லை.

மகன் போன பிறகு வந்த மூன்றாவது பெப்ரவரியில் ஒரு ஞாயிறு பகல் கீழே இறங்கியபோது, வாசலில் ஹன்னாவே நின்றிருந்தார். குளிருடுப்போடு, கையில் பையோடு, வெளியே கண்ணாடிபோல் உறைந்து கிடந்த நடைபாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவரைக் கண்டதும் முகம் மாறியது.

"உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும்" என்றார். "இத்தனை நாளும் தைரியம் வரவில்லை. போர் முடிந்து வந்தபிறகு என் அப்பா அந்தச் சைக்கிளோடு டிராமில் மோதினார். முன்பக்கம் முறிந்தது. பாகங்கள் கிடைக்காத காலம். வேலை செய்த இடத்தில் தானே ஒட்டினார். எனக்கு ஏழு வயது. நான்தான் விளக்குப் பிடித்தேன்."

குலசேகரம் கடைசிப் படியிலிருந்து இறங்கி வந்தார்.

"கொடுக்கும்போது எனக்கு அது நினைவில் இல்லை. சத்தியமாக இல்லை. அவனைப் புதைத்த பிறகுதான்..." சொல்லிவிட்டு அவன் புதைக்கப்படவில்லை, எரிக்கப்பட்டான் என்பது நினைவுக்கு வந்து தடுமாறினார். "அந்த இடத்திலா முறிந்தது?"

கட்டிவைத்த வார்த்தைகள் அத்தனையும் வாய்க்குள் தயாராக நின்றன. இரண்டு வருடமாக அவர் தேடிய ஆள் கடைசியில் இதோ, விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற ஏழு வயதுச் சிறுமி.

"இல்லை" என்றார். "பனிதான் காரணம். கனடாவில் தெரிந்த ஒருவருக்குக் காட்டினோம். செய்ததில் பிழை இல்லை என்று சொன்னார்."

"உண்மையாகவா?"

"உண்மையாக."

ஹன்னா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். மேலே விமலா காத்திருப்பாள் என்று குலசேகரம் நினைத்தார். அவளுக்கும் இதையேதான் சொல்லவேண்டும். அவள் நம்பமாட்டாள்.

ஹன்னாவின் கையில், சப்பாத்துக்கு அடியில் மாட்டும் ஆணி வைத்த ரப்பர் பட்டிகள் தொங்கின. குனிந்து மாட்ட முடியாமல்தான் இவ்வளவு நேரமும் வாசலில் நின்றிருக்கிறார். குலசேகரம் அவற்றை வாங்கி, ஈரச் சீமெந்தில் ஒரு முழங்காலை ஊன்றினார். ஹன்னாவின் வலதுகாலைத் தூக்கித் தன் தொடையில் வைத்து, ரப்பரை விரல் நுனியிலிருந்து குதிவரை இழுத்து மாட்டினார். மெல்ல இறக்கிவிட்டு, மற்றக் காலுக்காகக் கையை நீட்டினார்.