எந்த வீட்டு மூளை?

வாயாடி என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். வக்கீலம்மா அவளை வேலைக்குச் சேர்த்ததே அந்த வாய்க்காகத்தான். கைக்குழந்தையிடம் நிறையப் பேச வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வக்கீலம்மாவுக்கோ கோர்ட்டில் பேசவே நேரம் போதவில்லை.

நான்கு வருடம் வாயாடி பேசினாள். குளிப்பாட்டும்போது சோப்பு ஏன் வழுக்குகிறது என்று விளக்கினாள். மாடி ஜன்னலில் நின்று கீழே போகும் வண்டிகளை எண்ண வைத்தாள். எறும்புக்கும் பல்லிக்கும் சண்டை மூட்டிக் கதை கட்டினாள். குழந்தை "ஏன், ஏன்" என்று துளைத்தெடுக்கும். ஒருமுறைகூட அவள் சலித்துக்கொண்டதில்லை.

அவளுக்கும் அதே வயதில் ஒரு மகள். பகலெல்லாம் பக்கத்து வீட்டுக்காரியிடம், ஏழெட்டுப் பிள்ளைகளோடு டிவி முன்னால் கிடப்பாள். இரண்டு பஸ் மாறி வாயாடி வீடு சேரும்போது தொண்டை கட்டியிருக்கும். "சாப்பிடு", "தூங்கு". அதற்கு மேல் வார்த்தை எழும்பாது.

பள்ளியில் சேர்க்கப் போன அன்று டீச்சர் படங்களைக் காட்டிக் கேள்வி கேட்டார். மகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் மந்தமா இருக்காளே. உங்க குடும்பத்துல வேற யாராவது இப்படி இருக்காங்களா?"

வாயாடிக்குச் சுருக்கென்றது. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடினாள்.

அங்கே வக்கீலம்மா விருந்தாளிகளிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். அவர் மகளுக்குப் பெரிய பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. "எங்க பரம்பரையே அப்படி. மூளைங்கிறது ரத்தத்துல வரணும்."

வாயாடி பலகாரத் தட்டை டக்கென்று மேசையில் வைத்தாள்.

"ரத்தத்துல வரலம்மா. என் தொண்டையில வந்துச்சு."

"என்ன பேச்சு இது?"

"பாப்பா பேசற ஒவ்வொரு வார்த்தையும் நான் ஊட்டினது. எம் பொண்ணுக்குச் சேர வேண்டியதையெல்லாம் இங்க கொட்டிட்டு, வெறும் வாயோட வீட்டுக்குப் போனேன். இன்னைக்கு அவ மந்தமாம். எங்க குடும்பத்துல குறையாம்!"

"அதுக்குத்தானே சம்பளம் வாங்கின?"

"வாங்கினேன். அவளோட நாலு வருஷத்த எந்தச் சம்பளத்துல வாங்கறது, சொல்லுங்க?"

குழந்தை ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. அதன் தலையைத் தடவிவிட்டு வெளியேறியவள், திரும்பப் போகவேயில்லை.

ஒரு குழந்தைகள் காப்பகத்தில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தாள். மகள் கூடவே இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவள் கேட்டது. முதல் இரண்டு மாதம் மகள் தலையை மட்டும் ஆட்டினாள். மூன்றாம் மாதம் ஒரு மழை நாளில், பஸ்ஸின் முன்கண்ணாடியைக் காட்டி, "அம்மா, அந்தக் குச்சி ஏன் ஆடிக்கிட்டே இருக்கு?" என்றாள்.

வாயாடிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டின. இரண்டு வருடம் முன்பே வந்திருக்க வேண்டிய கேள்வி! முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளை மடியில் இழுத்து வைத்துச் சொல்லத் தொடங்கினாள்.