பெட்டியில் பால் ஊற்றாதீர்கள்

சாமிக்குப் பால் ஊற்றுங்கள், யார் வேண்டாம் என்றது? என் பாம்புப் பெட்டியில் ஊற்றாதீர்கள். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டது.

வெள்ளைக்காரன் காலத்தில் உலகச் சண்டை நடந்த வருஷங்கள் அவை. நானும் என் புருஷனும் திருத்தணி மலையடிவாரத்தில் மலைப்பாம்பு காட்டிப் பிழைத்தோம். அவன் என் மாமன் மகன். பாவா என்றுதான் கூப்பிடுவேன். மலையேற வருகிறவர்கள் பெட்டியின் மேல் பலகையில் இருந்த காற்று ஓட்டைகள் வழியாகப் பாலை ஊற்றுவார்கள். பாம்பு பால் குடிக்காது. பால் பலகையில் ஊறிப் புளிக்கும், பூஞ்சை பிடிக்கும். அதில் கிடந்து பாம்பின் வயிறு புண்ணாகும்.

பால் ஊறாமல் இருக்க பாவா ஒரு தடவை உள்ளே தார் பூசினான். காயுமுன்னே பாம்பை விட்டு மூடினான். அந்த நெடியிலேயே அது செத்தது. சாமி கோபம் என்றான். சாமியா தார் பூசியது?

அடுத்த பாம்புக்கு நானே பெட்டியைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, உள்ளே வார்னிஷ் அடித்தேன். ஆடித் தூறலில் அது காயவே இல்லை. ராத்திரி மூடிவைத்து, காலையில் திறந்து மூக்கை உள்ளே விடுவேன். ஆடிக் கிருத்திகை அன்றும் நெடி அடித்தது.

பாவா பாம்புக் கூடையோடு வந்தான். “இன்னிக்கி வுட்டா இவ்ளோ ஜனம் எப்ப வரும்? தள்ளு.”

நான் மூடியைச் சாத்தி அதன்மேல் உட்கார்ந்தேன். “மொதல்ல நீ உள்ள படு. சாயந்தரம் உசுரோட எழுந்து வந்தா பாம்ப வுடறேன்.”

காவடிக் கூட்டத்திலிருந்து ஒருத்தி சொம்போடு வந்தாள். “பால் எடுத்துகினு வந்தேன், எழுந்திரும்மா.”

“உள்ள பாம்பு இல்ல.”

“காலிப் பெட்டிக்கா காவல் உக்காந்துகினு கீற?”

கூட்டம் சிரித்தது.

“ஆங், காவல்தான். பால இடுப்புல கீற புள்ளைக்குக் குடு.”

பாவி என்று திட்டிவிட்டுப் போனாள். நான் எழுந்திருக்கவில்லை. அன்று அடுப்பு எரியவில்லை.

மழை விட்டபின் நெடி முழுக்கப் போனது. மேல் ஓட்டைகளையும் இடுக்குகளையும் தேன்மெழுகு உருக்கி அடைத்தேன். காற்றுக்குப் பக்கப் பலகையில் துளை போட்டேன். இனி எவளும் ஊற்ற முடியாது. பாம்பை விட்டேன். சுருண்டு படுத்தது. அப்புறம் போட்ட கோழியை விழுங்கியது.

பாவா மட்டும் என்னோடு பேசவில்லை. பேசாமல் கிடக்கட்டும்.